உலையும் உலகமும் – 17: கோபால்ட்டின் கூட்டாளிகள்

சென்ற வாரம் நிக்கலை ஜெட் என்ஜினுக்குள் விட்டுவிட்டு வந்தோம். நிக்கலோடு கொஞ்சம் அலுமினியமும் டைட்டானியமும் சேர்த்தால் செந்தணல் சூட்டிலும் இளகாத உலோகம் கிடைக்கிறது என்பதை இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டன் நிமோனிக் கலவைகளில் கண்டுகொண்ட கதை அது. தனிம அட்டவணையில் நிக்கலுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பது கோபால்ட். அதன் உருகுநிலை 1,495 டிகிரி செல்சியஸ். நிக்கலைவிட 40 டிகிரி கூடுதல். துருவையும் தேய்மானத்தையும் தாங்குவதில் அது யாருக்கும் இளைத்ததல்ல. அப்படியிருந்தும் என்ஜினின் சுழலும் இறக்கைகளில் நிக்கல்தான் நாற்காலி போட்டு அமர்ந்தது. கோபால்ட் ஏன் பின்தங்கியது என்பதும், 2006-க்குப் பிறகு அதற்கு ஏன் புதுவாழ்வு வந்தது என்பதும் இந்த அத்தியாயம்.

இதை எங்கோ அமெரிக்காவிலோ ஜப்பானிலோ மட்டும் நடந்த கதையாக நினைக்க வேண்டாம். மதுரை திருநகர் முதல் ஸ்டாப்பில் பஸ் ஏறி மூன்றாவது ஸ்டாப்பில் இறங்குகிற பெரியவர்களில் யாராவது ஒருவர் உடம்பில் கோபால்ட் கலவை இருக்கக்கூடும். கழற்றி மாட்டுகிற பல்செட்டின் உலோகச் சட்டமாக இருக்கலாம். மாற்று முழங்காலாக இருக்கலாம். இதயக் குழாயில் வைத்த ஸ்டென்ட்டாகவும் இருக்கலாம். 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் மாற்று முழங்காலுக்கு உச்சவரம்பு அறிவித்தபோது பட்டியலின் முதல் வரியில் இருந்தது கோபால்ட் குரோமியம்தான். சராசரியாக ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றுவந்ததற்கு 54,720 ரூபாய் என்று விலை கட்டினார்கள். அவனியாபுரம் பக்கம் தரையிறங்கும் விமானத்தின் என்ஜினுக்கும் இந்த முழங்காலுக்கும் உறவு உண்டு. அந்த உறவுமுறையைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துக்கு, கோகோமோ என்ற சிற்றூருக்குப் போக வேண்டும்.

கார் செய்தவர் கத்தி செய்த கதை

எல்வுட் ஹெய்ன்ஸ் 1894 ஜூலை 4 அன்று தான் உருவாக்கிய காரை கோகோமோவின் ஊர்ப்புறச் சாலையில் ஓட்டிக் காட்டியவர். அமெரிக்காவின் முதல் கார்களில் அது ஒன்று. என்ஜினுக்குள் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கின் முனைகள் சீக்கிரம் தீய்ந்துபோவது அவருக்குத் தலைவலியாக இருந்தது. தீயாத, அரிக்காத உலோகம் ஒன்றைத் தேடினார். சமையலறையில் மங்காத கத்தி, கரண்டி வேண்டும் என்று மனைவி கேட்டதும் சேர்ந்துகொண்டதாகச் சொல்வார்கள்.

நிக்கலோடும் கோபால்ட்டோடும் குரோமியத்தை உருக்கிச் சேர்த்துப் பார்த்தார். கோபால்ட்–குரோமியக் கலவைக்கு 1907-ல் காப்புரிமை கிடைத்தது. பளபளப்பு மங்கவில்லை, அமிலம் கடிக்கவில்லை. ஆனால் இரும்பைச் செதுக்குகிற அளவு கடினம் போதவில்லை. அடுத்து டங்ஸ்டனைச் சேர்த்தார். கலவை ஒரேயடியாக இறுகியது. 1912-ல் ஸ்டெல்லைட் நிறுவனத்தைத் தொடங்கினார். லேத்தில் உளியாகக் கட்டி ஓட்டினால், முனை சூடேறிச் சிவந்த பிறகும் மழுங்காமல் இரும்பை உரித்துக்கொண்டே போனது ஸ்டெல்லைட். சாதாரண எஃகு உளி அந்தச் சூட்டில் பதம் இழந்துவிடும். முதல் உலகப் போர் வந்தது. பீரங்கிக் குண்டுகளைக் கடைந்து தள்ள வேண்டிய தொழிற்சாலைகள் ஸ்டெல்லைட்டை அள்ளிக்கொண்டன. 1920-ல் நிறுவனத்தை யூனியன் கார்பைடு வாங்கியது.

குரோமியமும் டங்ஸ்டனும், அவற்றோடு கரியும் என்று மூன்று கூட்டாளிகள் இப்படித்தான் கோபால்ட்டோடு சேர்ந்தார்கள். அந்தக் காலத்தில் யாருக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. பட்டறை அனுபவம் சொன்னது, செய்தார்கள். காரணத்தை நுண்ணோக்கியும் எக்ஸ் கதிரும் பின்னால் வந்து சொல்லின.

உள்ளே நடப்பது என்ன?

கோபால்ட்டுக்கு இரட்டைச் சுபாவம் உண்டு. சுமார் 420 டிகிரிக்குக் கீழே அதன் அணுக்கள் இரண்டு விதமான அடுக்கு மாறி மாறி வருவதுபோல் அறுகோண முறையில் அமைகின்றன. அதற்கு மேலே மூன்று விதமான அடுக்கு சுழற்சியாக வரும் கனசதுர முறைக்கு மாறுகின்றன. இரண்டுக்கும் இடையில் ஆற்றல் வேறுபாடு மிகச் சொற்பம். அழுத்தித் தேய்த்தால்கூட ஓர் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். மேற்பரப்பு தேயத் தேய இறுகுவதற்கும், இரண்டு ஸ்டெல்லைட் பரப்புகள் உரசும்போது ஒன்றையொன்று பிய்க்காமல் வழுக்கிக்கொண்டு போவதற்கும் இந்தச் சுபாவமே மூலம்.

தேய்மானத்துக்கு நல்லதாக இருக்கும் இந்தத் தாவல், சூட்டில் வேலை செய்யும் பாகத்துக்கு ஆகாது. ஆறுவதும் காய்வதுமாக இருக்கும் பாகம் ஒவ்வொரு முறையும் அமைப்பு மாறினால் விரிசல் விடும். ஆகவே சூட்டுக்கான கலவைகளில் நான்காவது கூட்டாளியாக நிக்கல் வருகிறது. 10 முதல் 22 சதவீதம் நிக்கல் இருந்தால் கனசதுர அமைப்பு குளிர்ந்த பிறகும் நிலைக்கும். இரும்புக்கும் அதே குணம். குரோமியம், டங்ஸ்டன், மாலிப்டினம் மூன்றும் எதிர்ப்பக்கம் இழுப்பவை. கலவை செய்பவரின் வேலை பாதிக்குமேல் இந்த இழுபறியைச் சமன் செய்வதுதான்.

குரோமியம் 20 முதல் 30 சதவீதம் வரை சேர்கிறது. சூட்டில் வெளிப்புறத்தில் மெல்லிய குரோமிய ஆக்சைடு படலம் கட்டி, காற்றையும் கந்தகப் புகையையும் உள்ளே விடாது. அதோடு கரியோடு சேர்ந்து கார்பைடு என்ற கடினச் சேர்மமும் ஆகும். அளவு மீறினால் நொறுங்கும் தன்மையுள்ள வேண்டாத கட்டங்கள், அதாவது வேறு அணு அமைப்புள்ள பகுதிகள், உள்ளே முளைக்கும்.

டங்ஸ்டனும் மாலிப்டினமும் பெரிய அணுக்கள். கோபால்ட் அணுக்களின் வரிசைக்குள் நுழைந்து சுற்றுப்புறத்தை நெளித்துவிடும். உலோகம் வளைய வேண்டுமானால் அணு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவ வேண்டும். நெளிந்த பாதையில் நழுவல் தடுமாறும். சூட்டில் அணுக்கள் இடம் பெயர்வதையும் இவை மட்டுப்படுத்தும். அதனால்தான் உலோகம் மெல்ல மெல்ல நீள்கிற ஊர்வு குறைகிறது.

கரிதான் ஸ்டெல்லைட்டின் உயிர். வால்வுகளில் பரவலாகப் பூசப்படும் ஸ்டெல்லைட் 6-ல் குரோமியம் சுமார் 28 சதவீதம், டங்ஸ்டன் 4.5 சதவீதம், கரி 1.2 சதவீதம். கரியை 2.5 சதவீதத்துக்கும் டங்ஸ்டனை 12 சதவீதத்துக்கு மேலும் ஏற்றினால் அது ஸ்டெல்லைட் 1. இன்னும் கடினம், ஆனால் சட்டென்று விரிசல் விடும். கரியைக் கால் சதவீதத்துக்கு இறக்கி, டங்ஸ்டன் இடத்தில் மாலிப்டினம் வைத்தால் ஸ்டெல்லைட் 21. கடினம் குறைவு, அடி தாங்கும் குணம் அதிகம். முழங்கால் செய்வது ஏறக்குறைய இந்தக் கடைசிக் குடும்பத்தில்தான்: குரோமியம் 28, மாலிப்டினம் 6, மிச்சம் பெரும்பாலும் கோபால்ட்.

கரி எவ்வளவு நுட்பமான விருந்தாளி என்பதைப் பார்க்க ஒரு வால்வுப் பட்டறைக்குப் போனால் போதும். கேட் வால்வின் இருக்கையில் ஸ்டெல்லைட் ராடு வைத்து கேஸ் வெல்டிங் செய்பவர், முதலில் பாகத்தை நன்றாகச் சூடேற்றுவார். பிறகு டார்ச்சில் அசிட்டிலீனைக் கொஞ்சம் கூட்டி, உள் நாக்குக்கு வெளியே வெண்ணிற இறகு நீளும்படி சுடரை வைப்பார். ஆக்சிஜன் கூடிய சுடர் கரியையும் குரோமியத்தையும் எரித்துத் தின்றுவிடும். அசிட்டிலீன் கூடிய சுடர் எஃகின் மேற்பரப்புக்குக் கொஞ்சம் கரி ஊட்டும். சுடர் பட்ட எஃகின் தோல் திடீரென ஈரமானதுபோல் மினுங்கும். வியர்க்கிறது என்பார்கள். அந்த நொடியில் ராடின் நுனியை அங்கே காட்டி உருக்கிச் சொட்டவிட வேண்டும். எஃகு ஆழமாக உருகிவிட்டால் இரும்பு ஸ்டெல்லைட்டோடு கலந்து கடினத்தைக் கெடுக்கும். முடிந்ததும் உடனே காற்றில் வைக்கக் கூடாது. சுண்ணாம்புத் தூளிலோ உலர்ந்த மணலிலோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் குறுக்கே மயிரிழை விரிசல் ஓடும். மொத்த வேலையும் வீண்.

தூத்துக்குடி அனல்மின் நிலையம் போன்ற இடங்களில் 540 டிகிரி நீராவியை அடைத்துத் திறக்கும் வால்வுகளின் இருக்கைகளில் இப்படிப்பட்ட பூச்சு உண்டு. 1965-ல் தொடங்கிய திருச்சி பெல் ஆலை இத்தகைய உயரழுத்த வால்வுகளைச் செய்கிறது. அதன் வளாகத்தில் 1975-ல் அமைந்த பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் இந்தக் கலையைப் பட்டறைக் கைப்பக்குவத்திலிருந்து அளந்து எழுதிய நடைமுறையாக மாற்ற உழைத்த இடங்களில் ஒன்று.

பல்லிலிருந்து போருக்கு

1930-களில் அமெரிக்காவின் ஆஸ்டனல் ஆய்வகம் தங்கத்துக்கு மாற்றாக ஒரு பல் உலோகத்தைக் கொண்டுவந்தது. பெயர் விட்டாலியம். ஹெய்ன்ஸின் குடும்பம்தான்: கோபால்ட், குரோமியம், மாலிப்டினம். வாயின் உப்பும் புளிப்பும் அதை ஒன்றும் செய்யவில்லை. 1938-ல் பாஸ்டன் அறுவை மருத்துவர் மாரியஸ் ஸ்மித்-பீட்டர்சன் தேய்ந்த இடுப்பு மூட்டுக்கு விட்டாலியத்தில் கிண்ணம் செய்து பொருத்தினார். உடம்பு அதை ஏற்றுக்கொண்டது.

கடினமான இந்த உலோகத்தை அடித்து வளைக்க முடியாது, வார்க்கத்தான் முடியும். பல் ஆய்வகங்களின் முறை நம் சுவாமிமலை ஸ்தபதிகளுக்குப் புதிதல்ல. மெழுகில் உருவம் செய்து, மேலே கூடு கட்டி, சூடேற்றி மெழுகை வடித்து, அது விட்ட காலியிடத்தில் உலோகத்தை ஊற்றுவது. இன்றைக்கும் மதுரையில் எந்தப் பல் லேபிலும் பழைய முறைச் சட்டம் செய்யும்போது நடப்பது இதுதான். கூட்டுக்குப் பயன்படுத்தும் பொருள் மட்டும் மண்ணுக்குப் பதில் சூடு தாங்கும் சிலிக்கா கலவை. உருகிய கோபால்ட் குரோமியம் 1,400 டிகிரிக்கு அருகே வெள்ளையாக ஒளிரும். வார்ப்பு இயந்திரம் சுழன்று அதைக் கூட்டுக்குள் விசிறி அடிக்கும். ஊற்றும் வேலை நொடிக்கணக்கு. பிறகு தேய்த்து மெருகேற்றுவதுதான் ஆளைச் சாப்பிடும், அத்தனை கடினம்.

இரண்டாம் உலகப் போரில் உயரே பறக்கும் குண்டுவீச்சு விமானங்களுக்குக் காற்று போதவில்லை. என்ஜினின் கழிவுப் புகையாலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, மெலிந்த காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ சூப்பர்சார்ஜர் தேவைப்பட்டது. அந்தச் சக்கரத்தின் சின்னஞ்சிறு இறக்கைகள் செந்தணல் புகையில் சுழல வேண்டும். ஆயிரக்கணக்கில் அல்ல, லட்சக்கணக்கில் வேண்டும். அடித்துச் செய்யும் முறை ஈடுகொடுக்கவில்லை. பல் உலோகமும் பல் வார்ப்பு முறையும் அப்படியே விமானத் தொழிலுக்கு இடம் மாறின. இன்று ஜெட் என்ஜின் டர்பைன் இறக்கைகளில் பெரும்பாலானவை வார்க்கப்படும் மெழுகு வார்ப்புத் தொழிலுக்கு அன்றைய விட்டாலியம்தான் அஸ்திவாரம்.

போரின் நடுவிலேயே அடுத்த மாற்றம். விட்டாலியத்தின் மாலிப்டினத்தை எடுத்துவிட்டு 7.5 சதவீதம் டங்ஸ்டன், 10 சதவீதம் நிக்கல், அரை சதவீதம் கரி வைத்து எக்ஸ்-40 வந்தது. நிக்கல் கனசதுர அமைப்பை நிலைக்க வைத்தது. டங்ஸ்டன் ஊர்வைத் தடுத்தது. கரி, துகள் எல்லைகளில் கார்பைடு மணிகளாகப் படிந்து பிடித்துக்கொண்டது. இந்தச் செய்முறையின் சாயல் இன்றும் தொழிற்சாலை கேஸ் டர்பைன்களில் ஓடுகிறது.

நல்லவர்கள் கூடியும் வராத ஒருவர்

போருக்குப் பிந்தைய இருபத்தைந்து ஆண்டுகள் கோபால்ட் கலவைகளின் பொற்காலம். தகடாக உருட்டக்கூடிய எல்-605-ல் டங்ஸ்டனை 15 சதவீதம் வரை ஏற்றினார்கள். பலம் கிடைத்தது, ஆனால் 800, 900 டிகிரியில் நீண்ட நாள் வைத்தால் டங்ஸ்டனும் கோபால்ட்டும் சேர்ந்து லாவெஸ் என்ற நொறுங்கும் கட்டமாகத் திரண்டு, தகடு வளையாமல் முறிந்தது. அடுத்து வந்த ஹெய்ன்ஸ் 188-ல் நிக்கலை 22 சதவீதமாக்கி அந்த நோயை அடக்கினார்கள். அதோடு 0.03 சதவீதம் லந்தனம் சேர்த்தார்கள். பத்தாயிரத்தில் மூன்று பங்கு மட்டுமே. அது குரோமிய ஆக்சைடு படலத்தை உரிந்துவிடாமல் அடியோடு ஒட்டவைக்கிறது. ஜெட் என்ஜினின் எரியறைச் சுவர்களில் இந்தத் தகட்டுக்கு இன்றும் மதிப்பு. எல்-605-ம் வீணாகவில்லை. இதய ஸ்டென்ட் செய்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் தலைமுறை மருந்து ஸ்டென்ட்டின் எஃகுக் கம்பி 140 மைக்ரான் தடிமன் இருந்தது. அதே தாங்கும் பலத்தை இந்தக் கலவை சுமார் 80 மைக்ரானில் கொடுத்தது. உடம்புச் சூட்டில் லாவெஸ் கட்டம் உருவாகும் பேச்சுக்கே இடமில்லை.

வார்ப்புக் கலவைகளில் மார்-எம் 509 ஒரு மைல்கல். அதில் டான்டலம், டைட்டானியம், சிர்கோனியம் மூன்றும் கரியைத் தங்கள் பக்கம் இழுத்து, எளிதில் கரையாத கார்பைடுகளை உருவாக்கின. நுண்ணோக்கியில் பார்த்தால் சீன எழுத்துகளைக் கிறுக்கியதுபோல் தெரியும். குரோமிய கார்பைடுகள் சூட்டில் கரைந்து இடம் மாறும்போதும் இவை அசையாமல் நின்றன.

இத்தனை பேர் கூடியும் அலுமினியம் மட்டும் கோபால்ட்டோடு ஒத்துப்போகவில்லை. நிக்கலில் அலுமினியம் சேர்த்தால், நிக்கல் மூன்று பங்கும் அலுமினியம் ஒரு பங்குமாக ஒழுங்கான கனசதுரத் துண்டுகள் உள்ளேயே பிறக்கின்றன. சுற்றியுள்ள உலோகத்தின் அணு வரிசையோடு இழை பிசகாமல் பொருந்தி, செங்கல் நெருக்கமாகவும் சுண்ணாம்புப் பூச்சு மெல்லியதாகவும் உள்ள சுவரைப் போல நிற்கின்றன. காமா பிரைம் என்று பெயர். நழுவ வரும் அணு வரிசைகள் இந்தச் செங்கற்களை அறுத்துக்கொண்டு போவது கடினம். சூடு ஏறினாலும் குறிப்பிட்ட எல்லை வரை பலம் கூடவே செய்கிறது. கோபால்ட்டும் அலுமினியமும் மட்டும் சேரும்போது அப்படி ஒரு கட்டம் நிலைப்பதில்லை. கார்பைடை நம்பியே காலம் தள்ளியது கோபால்ட். ஆகவே பெரும் விசையோடு சுழலும் இறக்கைகள் நிக்கலுக்குப் போயின. விசை குறைவாகவும் சூடு அதிகமாகவும் உள்ள, அசையாமல் நின்று புகையைத் திருப்பிவிடும் வழிகாட்டித் தகடுகள் கோபால்ட்டுக்கு மிஞ்சின.

1978: ஒரு சுரங்க ஊர்

அந்த மிச்சத்துக்கும் ஆபத்து உலைக்கு வெளியிலிருந்து வந்தது. உலகின் கோபால்ட்டில் பெரும்பங்கு, அன்று சயீர் என்று பெயர் கொண்டிருந்த காங்கோவின் ஷாபா மாகாணத்தில், தாமிரத்தோடு கூட வெட்டப்பட்டது. 1978 மே மாதம் அங்கோலாவிலிருந்து புகுந்த கிளர்ச்சியாளர்கள் சுரங்க நகரமான கொல்வேசியைப் பிடித்தார்கள். பிரெஞ்சு அந்நியப் படை பாராசூட்டில் இறங்கி மீட்டது. சண்டை சில நாள்தான். சந்தையின் பீதி வருடக்கணக்கு. ராத்தலுக்கு 7 டாலரை ஒட்டி இருந்த கோபால்ட் அடுத்த ஆண்டே 25 டாலரைத் தொட்டது. கைமாற்றுச் சந்தையில் அதற்கும் மேல்.

என்ஜின் நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. நிக்கல் கலவைகளுக்குள் துணைக்கு இருந்த கோபால்ட்டைக்கூடக் குறைக்கப் பார்த்தார்கள். கோபால்ட்டை அடிப்படையாகக் கொண்ட புதுக் கலவை ஆராய்ச்சி ஏறக்குறைய உறங்கிப்போனது. கூட்டாளி எவ்வளவு நல்லவரானாலும், அவர் வரும் வழி பாதுகாப்பானதா என்ற கேள்வி அன்றுமுதல் கலவைக் குறிப்பின் ஒரு பகுதியானது. இன்றும் உலகச் சுரங்க உற்பத்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அதே காங்கோவிலிருந்துதான் வருகிறது. மின்கார் பேட்டரிகளும் இப்போது பங்குக்கு நிற்கின்றன. சொந்தச் சுரங்கம் இல்லாத இந்தியா இறக்குமதியை நம்பியிருக்கிறது.

கல்பாக்கம் கோபால்ட்டை வெளியே நிறுத்தியது

நம் ஊரில் கோபால்ட்டுக்கு வந்த சோதனை வேறு மாதிரி. கல்பாக்கத்தில் 1985 அக்டோபரில் வேகப் பெருக்கி சோதனை உலை இயங்கத் தொடங்கியது. அதன் அடுத்த படியாக 500 மெகாவாட் முன்மாதிரி வேகப் பெருக்கி உலையை இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்தது. இந்த உலைகளில் வெப்பத்தைச் சுமப்பது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம். உலைக்குள் 400 டிகிரியை ஒட்டி நுழைந்து 550 டிகிரியை ஒட்டி வெளியேறும்.

சோடியத்துக்கு ஒரு கெட்ட பழக்கம். எஃகின் மேலுள்ள ஆக்சைடு படலத்தைத் துடைத்து எடுத்துவிடும். படலம் போன இரண்டு எஃகுப் பரப்புகள் சூட்டில் அழுத்தி உரசினால் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். 40 ஆண்டுகள் இயங்க வேண்டிய உலைக்குள் இறங்கிப் பிரித்துவிட யாராலும் முடியாது. ஆகவே உரசும் இடங்களில் கடினப் பூச்சு கட்டாயம். உலகம் முழுக்க நெடுங்காலமாகச் சொல்லிவரும் பதில் ஸ்டெல்லைட் 6.

கல்பாக்கத்தில் அதை வேண்டாம் என்றார்கள். இயற்கையில் உள்ள கோபால்ட் 59, ஒரு நியூட்ரானை விழுங்கினால் கோபால்ட் 60 ஆகிவிடும். அதன் அரை ஆயுள் 5.27 ஆண்டு, வெளிவிடும் காமாக் கதிர் உடம்பைத் துளைக்கும். புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் தேடிப் போய் உருவாக்கும் அதே கோபால்ட் 60, உலையின் உள்பாகங்களில் தானாக உருவானால், பராமரிப்புக்கு வரும் தொழிலாளிக்கும், ஒருநாள் உலையைப் பிரிக்க வேண்டியவர்களுக்கும் பெரும் சுமை. பின்னாளில் மையத்தின் இயக்குநரான ஏ.கே. பாதுரியும் சகாக்களும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், தூண்டப்படும் கதிரியக்கத்தைக் கணக்கிட்டு, கோபால்ட் கலவைக்குப் பதில் நிக்கல் கலவையைப் பரிந்துரைத்தார்கள். அதன் பெயர் கோல்மோனாய் 5.

இங்கே கூட்டாளிகள் மாறுகிறார்கள். நிக்கலோடு குரோமியம், போரான், சிலிக்கான், கொஞ்சம் கரி. கடினத்தைத் தருவது முக்கியமாகக் குரோமிய போரைடும் கார்பைடும். போரானும் சிலிக்கானும் உருகுநிலையை இறக்கி, பூச்சு நன்றாகப் பரவ உதவும். ஆனால் பற்றவைக்கும்போது அடியிலுள்ள ஸ்டெயின்லெஸ் எஃகு அதிகம் உருகிக் கலந்தால், இரும்பு புகுந்து கடினம் சரியும். பூச்சின் முதல் சில மில்லிமீட்டர் உதவாமல் போகும். அதனால் சாதாரண ஆர்க் வெல்டிங்கை விட்டு, உலோகத் தூளைப் பிளாஸ்மாச் சுடரில் ஊதிப் பூசும் முறையைத் தேர்ந்தார்கள். எஃகின் கலப்பு வெகுவாகக் குறைந்தது. பூச்சு விரிசல் விடாமல் இருக்கச் சூடேற்றுவதும் ஆற்றுவதும் தனிப் பாடம். 40 ஆண்டு சூட்டுக்குப் பிறகும் கடினம் தேவையான அளவுக்குக் கீழே இறங்காது என்பதை, கூடுதல் சூட்டில் விரைவாக முதிரவைத்துப் பார்த்து உறுதிசெய்தார்கள். 2024 மார்ச் 4 அன்று அந்த உலையில் எரிபொருள் ஏற்றும் பணி பிரதமர் முன்னிலையில் தொடங்கியது.

செண்டையும் பெங்களூரும்

2006-ல் ஜப்பானின் செண்டை நகரிலிருந்து, டோஹோகு பல்கலைக்கழகத்தின் சாட்டோ, இஷிடா குழுவினர் சயின்ஸ் இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். கோபால்ட்டோடு அலுமினியத்தை மட்டும் சேர்க்காமல், கூடவே டங்ஸ்டனையும் சேர்த்தால், நிக்கலில் பார்த்த அதே காமா பிரைம் கனசதுரங்கள் கோபால்ட்டிலும் பிறந்து 900 டிகிரியில் நிலைக்கின்றன. கோபால்ட்டும் அலுமினியமும் தனியே ஒத்துப்போகாமல் இருந்தது டங்ஸ்டன் என்ற மூன்றாமவர் வந்ததும் தீர்ந்தது. ஹெய்ன்ஸ் காலத்திலிருந்து கூடவே இருந்த டங்ஸ்டன்தான். அணு வரிசையை நெளிப்பதற்கும் கார்பைடு ஆவதற்கும் பயன்பட்டது, இப்போது செங்கல்லின் உள்ளேயே உட்கார்ந்து அதைத் தாங்கியது.

மகிழ்ச்சியோடு சிக்கலும் வந்தது. டங்ஸ்டனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19 கிராமுக்கு மேல். புதுக் கலவைகளின் அடர்த்தி 9-ஐத் தாண்டியது. சில 10-ஐத் தொட்டன. நிக்கல் கலவைகள் பெரும்பாலும் 8-க்கும் 9-க்கும் நடுவில் இருப்பவை. சுழலும் இறக்கையில் ஒவ்வொரு கிராமும் வேரை இழுக்கும் விசையாக மாறும். இறக்கை கனத்தால் அதைப் பிடிக்கும் சக்கரம் கனக்கும், அதைத் தாங்கும் அச்சும் கனக்கும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் காமானியோ சட்டோபாத்யாய், சுரேந்திர குமார் மாகினேனி குழு நேரே அந்த முடிச்சில் கைவைத்தது. 2015-ல் டங்ஸ்டனே இல்லாத காமா பிரைம் கோபால்ட் கலவையை அவர்கள் வெளியிட்டார்கள். அணுக்கணக்கில் அலுமினியம் 10 சதவீதம், மாலிப்டினம் 5, நியோபியம் 2, மிச்சம் கோபால்ட். மாலிப்டினத்தின் அடர்த்தி டங்ஸ்டனில் பாதிக்குச் சற்றே மேல். நூறு அணுவில் இரண்டே இரண்டாக வரும் நியோபியம்தான் இங்கே சூத்திரதாரி. அது கனசதுரத்துக்குள் புகுந்து அதை நிலைக்க வைக்கிறது. நியோபியத்துக்குப் பதில் டான்டலம் வைத்தும் செய்து காட்டினார்கள். கலவையின் அடர்த்தி 8.4-ஐ ஒட்டி, நிக்கல் கலவைகளின் எல்லைக்குள் வந்து நின்றது.

ஆனால் கனசதுரங்கள் கரைந்துபோகும் சூடு 870 டிகிரிக்குச் சற்றுக் கீழே இருந்தது. என்ஜினுக்கு அது போதாது. மறுபடி பழைய கூட்டாளியையே அழைத்தார்கள். 30 சதவீதம் நிக்கல் சேர்த்ததும் கரையும் எல்லை 990 டிகிரிக்கு உயர்ந்தது. அமைப்பும் நெடுநேரம் நிலைத்தது. கோபால்ட்டைத் தோற்கடித்த நிக்கல், கோபால்ட்டுக்கே முட்டுக் கொடுக்கிறது. விலையும் சுரங்க அரசியலும் தெரிந்தவருக்கு இதில் இன்னொரு லாபம்: நிக்கல் ஏறும் அளவுக்குக் கோபால்ட் தேவை குறைகிறது.

தீராத வழக்கு ஒன்று மிச்சம்: குரோமியம். துருப்பிடிப்பையும் புகை அரிப்பையும் தடுக்க அது வேண்டும். ஆனால் காமா பிரைம் கலவையில் அதை ஏற்ற ஏற்ற, கூர்மையான கனசதுரங்கள் முனை மழுங்கி உருண்டைகளாகின்றன. அளவு மீறினால் வேண்டாத கட்டங்கள் தலைதூக்குகின்றன. 1907-ல் ஹெய்ன்ஸ் முதலில் சேர்த்துக்கொண்ட கூட்டாளியே இன்று அளந்து சேர்க்க வேண்டிய ஆளாகிவிட்டது. எவ்வளவு குரோமியம், எவ்வளவு நிக்கல், எந்த அளவு டான்டலம் என்ற கேள்விகளோடு உலகெங்கும் ஆய்வகங்கள் இப்போது மல்லுக்கட்டுகின்றன. பயணிகள் விமானத்தின் சுழலும் இறக்கைகளில் நிக்கலின் நாற்காலி இன்னும் காலியாகவில்லை.

நூற்றிருபது ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. நல்ல தனிமம், கெட்ட தனிமம் என்று எதுவும் இல்லை. வால்வில் வேண்டிய கரி தகட்டில் ஆகாது. ஸ்டென்ட்டில் பலமான டங்ஸ்டன் எரியறையில் நோய். முழங்காலில் வரமான கோபால்ட் அணு உலையில் வெளியே. எந்தச் சூட்டில், எந்த விசையில், எத்தனை ஆண்டு, எங்கிருந்து வாங்கி, யார் கையால் பராமரித்து என்ற கேள்விகளுக்கு விடை எழுதிய பிறகுதான் உலையில் எதைப் போடுவது என்ற கேள்வியே வருகிறது. ஹெய்ன்ஸ் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்கினார். கல்பாக்கமும் பெங்களூரும் முதல் கேள்வியிலிருந்து தொடங்கின.

அடுத்த வாரம், உருகவைப்பதற்குள் உலையையே அரித்துவிடும் இன்னொரு பிடிவாதக்காரர்: டைட்டானியம். அவர் கதை நமக்கு இன்னும் பக்கத்தில், மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் தொடங்குகிறது.

(தொடரும்)